வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தல்: டொராண்டோவின் இணையவழிக் கற்பித்தல் கருவிகளும் தமிழ்க் கல்வியும்

முன்னுரை

கற்பிக்கும் கருவி மாறும்போது கற்பித்தலும் மாறுகிறது. ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து திரைக்கும் தமிழ்க் கல்வி பெயர்ந்து வந்த வரலாறு இதற்குச் சான்று. அந்தப் பெயர்வுகள் தலைமுறை அளவில் நிகழ்ந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலோ உலகெங்கும் கல்லூரிகள் சில நாள்களுக்குள் திரைக்குப் பெயர்ந்தன. எந்தக் கருவி தம் பாடத்துக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்க ஆசிரியருக்கு அவகாசம் இருக்கவில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வகுப்பை நடத்தினர். நெருக்கடி நீங்கிய பின்னரும், அன்று கைக்கு வந்த கருவிகளே பல இடங்களில் நிலைபெற்றுவிட்டன. தேர்வு செய்யாமலே அமைந்துவிட்ட ஒன்றை இப்போதேனும் தேர்வுக்கு உட்படுத்த வேண்டும்.

அதற்கு உதவும் வகையில், டொராண்டோ நகரையும் அதனைச் சூழ்ந்த ஒன்டாரியோ மாகாணத்தையும் களமாகக் கொண்டு இணையவழி வகுப்புக் கருவிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கணினிவழிக் கூடிக் கற்கும் முறையின் தொடக்ககால முயற்சிகள் பல இங்கேதான் நிகழ்ந்தன. இரண்டாவது, தென்னாசியாவுக்கு வெளியே தமிழர் பெருமளவில் வாழும் நகரங்களுள் ஒன்றான டொராண்டோவில் தமிழ் பல்கலைக்கழகப் பாடமாகவும் வளர்ந்து வருகிறது. ஒரு கருவி யாருடைய தேவைக்காக உருவாயிற்றோ அவர்களுடைய வகுப்பறையையே அது தன்னுள் கொண்டிருக்கிறது. ஆதலால் ஆசிரியர் முதலில் வரையறுக்க வேண்டியது தம் வகுப்பின் தேவையை. கருவி அதன் பின்னரே வர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு: 1820

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையிலான கற்பித்தல் தொடர்பு இணையத்தோடு தொடங்கியதன்று. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியை நினைவூட்டும் ஏற்பாடு அது. பெல் 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது.

பின்னாளில் டொராண்டோ எனப் பெயர்பெற்ற யார்க் நகரில், 1820ஆம் ஆண்டு மேல் கனடாவின் துணைநிலை ஆளுநர் மெய்ட்லண்டின் ஆதரவுடன் மையப் பள்ளி ஒன்று அம்முறையில் தொடங்கப்பெற்றது. எழும்பூரில் அம்முறை பிறந்தது ஆசிரியர் போதாமையாலும் பொருள் போதாமையாலும் ஆகும். யார்க்கில் அது நுழைந்ததோ ஆங்கிலிக்கத் திருச்சபைச் சார்புடைய கல்வியை நிலைநிறுத்தும் நோக்கத்தால். அதனால் ஊர்மக்களிடையே எதிர்ப்பும் எழுந்தது. முறை ஒன்றே, தேவை வேறு. ஓரிடத்தில் ஆசிரியரின் தேவையிலிருந்து முளைத்த கருவி, மற்றோரிடத்தில் மேலிருந்து இறங்கும்போது வேறு பொருள் கொள்கிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 2020இல், இதே வினா புதிய வடிவில் எழுந்தது.

எழுத்தால் கூடிய வகுப்பு

இணையவழி வகுப்பு என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது முகங்கள் கட்டம் கட்டமாகத் தோன்றும் திரை. ஒன்டாரியோவின் தொடக்ககாலக் கருவிகளில் முகம் இல்லை, குரலும் இல்லை. எழுத்து மட்டுமே இருந்தது. டொராண்டோவுக்கு மேற்கேயுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகம் 1983இல் 'கோசி' என்னும் கணினிவழிக் கருத்தாடல் மென்பொருளை உருவாக்கியது. 1988இல் பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயின்ற தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பயன்படுத்தியது.

இதற்கிடையில், 1986இல், டொராண்டோவிலுள்ள ஒன்டாரியோ கல்வியியல் ஆய்வு நிறுவனத்தில் லிண்டா ஹாரசிம் முழுவதும் கணினிவழியே நடைபெற்ற பட்டமேற்படிப்பு வகுப்பொன்றை நடத்தினார். பல்கலைக்கழக அளவில் இவ்வாறு நிகழ்ந்த முதல் வகுப்புகளுள் அது ஒன்றாகும். அதே நிறுவனத்தில் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் கார்ல் பெரெய்ட்டரும், மாணவர் தம் கருத்துகளைப் பொதுத்தளத்தில் எழுதி ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் கட்டியெழுப்பும் மென்பொருளை வளர்த்தெடுத்தனர். அதுவே 1990களில் 'நாலெட்ஜ் ஃபோரம்' என்னும் வடிவம் பெற்றது.

இவ்வகுப்புகளின் இயல்பு கருதத்தக்கது. எல்லாரும் ஒரே வேளையில் கூட வேண்டியதில்லை. ஒருவர் காலையில் எழுதியதை மற்றவர் நள்ளிரவில் படித்து மறுமொழி தரலாம். நேர்முக வகுப்பில் விரைந்து பேசுவோரே அரங்கை நிறைத்துக்கொள்வது இயல்பு. எழுத்து வகுப்பிலோ, எண்ணிப் பேசுவோருக்கும் மொழியில் தயக்கம் உள்ளோருக்கும் தம் நேரத்தில் சொல்ல வாய்ப்பு அமைகிறது. சொன்னவை யாவும் எழுத்தில் நிற்பதால், ஒரு கருத்து எவ்வாறு வளர்ந்தது என்பதைத் திரும்பச் சென்று காணவும் முடிகிறது.

அதே 1986ஆம் ஆண்டில் ஒன்டாரியோ அரசு, மாகாணத்தின் வடபகுதிக்காகக் 'கான்டாக்ட் நார்த்' என்னும் அமைப்பைத் தொடங்கியது. பெருந்தொலைவுகளுக்கு இடையே சிதறிக் கிடந்த சிற்றூர் மாணவரைத் தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழக வகுப்புகளோடு இணைப்பது அதன் பணி. அங்கே தேவை குரல். கருவியும் குரலாகவே அமைந்தது.

ஸ்கார்பரோவின் கோரிக்கை

கனடியத் தமிழர் வரலாற்றிலும் 1986 நினைவில் நிற்கும் ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நியூஃபவுண்ட்லாந்து கடற்பரப்பில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத்தமிழர் 155 பேரை மீனவர் மீட்டுக் கரைசேர்த்தனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கனடா வந்த தமிழரில் பலர் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் குடியமர்ந்தனர்.

அந்த ஸ்கார்பரோவின் கல்வி வாரியம், 1980களின் இறுதியில், தன் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் இணைக்கும் எளிய கணினிவழித் தொடர்பு முறையை நாடியது. அத்தேவையை ஒட்டி டொராண்டோ வட்டாரத்தைச் சேர்ந்த சாஃப்ட்ஆர்க் நிறுவனம் உருவாக்கியதே 'ஃபர்ஸ்ட்கிளாஸ்' என்னும் மென்பொருள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் தொல்லையின்றிப் படக்குறிகளைச் சொடுக்கியே அதில் உரையாடலாம். ஓர் அஞ்சலை யார் யார் படித்தனர் என்று ஆசிரியர் அறியலாம். அனுப்பிய அஞ்சலை, படிக்கப்படுமுன் திரும்பப் பெறலாம். இவையெல்லாம் வகுப்பறையை அறிந்தவர் கேட்டுப் பெற்ற வசதிகள். பின்னர் பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஃபர்ஸ்ட்கிளாஸை ஏற்றுப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஸ்கார்பரோ வாரியம் 1998இல் டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியத்தோடு இணைந்து மறைந்தது. ஒரு புறநகர்க் கல்வி வாரியம் தன் தேவையைத் தெளிவாகச் சொன்னதால் உலகளாவிய கருவி ஒன்று பிறந்தது என்னும் செய்தி, இன்று அப்பகுதியில் வாழும் தமிழர் பலரும் அறியாத உள்ளூர் வரலாறு.

குரலும் வெண்பலகையும்

2000ஆம் ஆண்டுக்குப் பின் இணைய வேகம் கூடியதும், ஒரே நேரத்தில் கூடும் வகுப்புக்கான கருவிகள் தோன்றின. கனடாவில் பிறந்த இரண்டு இவ்வரலாற்றில் இடம்பெறுவன.

முதலாவது, கால்கரி நகரில் உருவான 'எலூமினேட்'. கை உயர்த்தும் குறி, பொது வெண்பலகை, ஒலிவாங்கியை ஆசிரியர் ஒருவருக்கு வழங்கித் திரும்பப் பெறும் ஏற்பாடு ஆகியவை அதில் இருந்தன. தொலைபேசிக் கம்பிவழி மெதுவான இணைப்பு உடையவரும் வகுப்பைத் தவறவிடக் கூடாது என்பது அதன் வடிவமைப்பு நெறி. 2010இல் அமெரிக்க நிறுவனமான பிளாக்போர்டு அதனை விலைக்கு வாங்கி, மற்றொரு கருவியோடு இணைத்து, 'பிளாக்போர்டு கொலாபரேட்' எனப் பெயரிட்டது.

இரண்டாவது, ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கி 2009இல் இப்பெயர் பெற்ற 'பிக்புளூபட்டன்'. இது கட்டற்ற மென்பொருள். எந்தக் கல்லூரியும் தன் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். அலுவலகக் கூட்டத்துக்கென்று உருவானவற்றிலிருந்து வேறுபட்டு, தொடக்கம் முதலே கற்பித்தலுக்கென அமைந்தது. வெண்பலகை, சிறுகுழு அறைகள், அனைவரும் சேர்ந்து எழுதும் குறிப்பேடு ஆகியன அதன் உறுப்புகள்.

இக்காலகட்டம் ஆவணக் காப்பாளருக்கு ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றது. எலூமினேட் ஜாவா மென்பொருளை நம்பி இயங்கியது. பிக்புளூபட்டனின் முதல் வடிவம் ஃபிளாஷ் மென்பொருளை நம்பியிருந்தது. ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. ஒரு கருவிக்கே உரிய வடிவத்தில் சேமித்த பதிவு, கருவி மறைந்தால் பயனற்றுப் போகும். ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் இழந்த நாம் இவ்விழப்பின் இயல்பை அறியாதவரல்லர்.

தமிழெழுத்து இருந்த இடம்

மேற்கூறிய எழுத்துவழிக் கருவிகள் வளர்ந்த காலத்தில் கணினியில் தமிழ் எழுத்துக்குப் பொதுவான குறியேற்றம் நிலைபெறவில்லை. யூனிகோடு 1991இல் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்ததாயினும், நடைமுறையில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்னும் நிலை நீண்டநாள் தொடர்ந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத சூழலில், உரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது வழக்கமாயிற்று. எழுத்தால் கூடும் வகுப்பு தமிழுக்கு எட்டாததாக இருந்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றில் பொதுத்தரம் காண முயன்றது. அம்மாநாட்டின் விளைவாகப் பிறந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பெற்று, 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. அது பாடங்களை வலைத்தளத்தில் வைத்து, மாணவர் தம் நேரத்தில் கற்கச் செய்தது. புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளின் நேர வேறுபாட்டை நோக்க, அது பொருத்தமான தேர்வு. அதே 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோட்டை ஏற்றது. 2017 ஆகஸ்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாடு டொராண்டோவிலேயே கூடியது. எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட காலத்தில், மூன்றாண்டுகளில், அடுத்த சோதனை வந்தது.

2020: தேவைக்கு முன் வந்த கருவி

டொராண்டோ பல்கலைக்கழகம் 2020 மார்ச்சு 16 முதல் நேர்முக வகுப்புகளை நிறுத்தியது. மறுநாள் ஒன்டாரியோ மாகாணம் நெருக்கடிநிலையை அறிவித்தது. பல்கலைக்கழகத்தின் 'குவெர்கஸ்' கற்றல் தளத்தில் பிளாக்போர்டு கொலாபரேட் ஏற்கெனவே இணைந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் கிடைத்தது. ஆயினும் உலகெங்கும்போல் இங்கும் மக்கள் நாவில் நிலைத்த பெயர் 'ஜூம்'. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த அதன் கூட்டப் பங்கேற்பு, 2020 மார்ச்சில் 20 கோடியாயிற்று. நிறுவனங்களின் அலுவலகக் கூட்டங்களுக்காக உருவான கருவி அது. நிறுவனமொன்றில் கணினிப் பிரிவு இருக்கும். கூட்டத்துக்கு வருவோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பர். அந்த எடுகோள்கள் கல்லூரி வகுப்புக்குப் பொருந்தவில்லை. இணைப்பு முகவரி வெளியில் பரவியதால் அயலார் நுழைந்து வகுப்புகளைக் குலைத்த நிகழ்வுகள் பல நாடுகளிலும் நேர்ந்தன.

இக்கருவியை ஆழ்ந்து சோதித்த ஆய்வுகளுள் முதன்மையான ஒன்று டொராண்டோ பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. அதன் 'சிட்டிசன் லேப்' ஆய்வகத்தின் பில் மார்க்ஸாக், ஜான் ஸ்காட்-ரெயில்டன் ஆகியோர் 2020 ஏப்ரல் 3 அன்று தம் அறிக்கையை வெளியிட்டனர். 256 நுண்மித் திறவியால் மறையாக்கம் செய்வதாக நிறுவனம் கூறியிருந்தது. ஆய்விலோ ஒரு கூட்டத்தினர் அனைவருக்கும் பொதுவாக ஒரே 128 நுண்மித் திறவியே பயன்பட்டது தெரியவந்தது. மறையாக்க முறையும் வலுவற்றது. ஒரே தகவல் துண்டு எப்போதும் ஒரே மறைவடிவம் பெறுவதால், மூலத்தின் சாயல் மறைவடிவிலும் தெரியக்கூடும். வட அமெரிக்காவில் இருந்த இருவரிடையே நடந்த சோதனை அழைப்பில், திறவி பெய்ஜிங்கில் உள்ளதாகத் தோன்றிய வழங்கி ஒன்றிலிருந்து வந்தது. சில நாள்களுக்குப் பின், காத்திருப்பு அறையில் நிறுத்தப்பட்டவருக்கே கூட்டத்தின் காணொலித் தரவும் திறவியும் சென்ற குறையை ஆய்வகம் விளக்கியது.

நிறுவனம் இவற்றுக்கு விரைந்து மறுமொழி தந்தது. கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இயல்பாகவே செயற்படலாயின. மே இறுதிக்குள் மேம்பட்ட 256 நுண்மி மறையாக்கம் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்தது. அக்டோபரில் முனைக்குமுனை மறையாக்கமும் விருப்பத் தெரிவாக அறிமுகமாயிற்று. ஆனால் அதனைத் தெரிவு செய்தால் சிறுகுழு அறை, இணையச் சேமிப்பகப் பதிவு, உடனடி எழுத்தாக்கம் ஆகியவை அப்போது கிடைக்கவில்லை. வகுப்பைக் காப்பதா, வகுப்பு வசதிகளைப் பெறுவதா என்று ஆசிரியர் தேர வேண்டியிருந்தது.

சிட்டிசன் லேப் அறிக்கையில் கற்பிப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பொதுவிடத்தில் நடத்தக்கூடிய வகுப்புகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் இக்குறைகள் பெரிதும் அஞ்சத்தக்கவையாகா என்றும், மறைவு காக்கப்பட வேண்டிய பேச்சுகளுக்கு அக்கருவி ஏற்றதன்று என்றும் அது வேறுபடுத்திக் காட்டியது. கேள்வி கருவியின் தரத்தோடு முடியவில்லை. கூடுவது எவ்வகைக் கூட்டம் என்பதையும் அது தொட்டது. சங்க இலக்கிய அறிமுக வகுப்பு பொதுவிடத்தில் நிகழத்தக்கது. ஈழப்போரின் நினைவுகளைப் பேசும் வரலாற்று வகுப்பு அவ்வாறன்று. அதில் ஒரு மாணவர் தம் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லக்கூடும். அவர் உறவினர் இன்னும் ஊரில் இருக்கக்கூடும். நான்கு சுவர்களுக்குள் சொல்லி மறையும் அச்சொற்கள், திரைவகுப்பில் பதிவாகி, பிரதியாகி, அவர் அறியாத கைகளைச் சென்றடையலாம்.

மற்றொரு நிகழ்வும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 2020 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏற்பாடு செய்த அரங்கமொன்றை, அதில் பேசவிருந்தவர் கருதி, தன் தளத்தில் நடத்த ஜூம் நிறுவனம் மறுத்தது. அம்மறுப்பு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபடலாம். வகுப்பறையின் கதவைத் திறப்பதும் மூடுவதும் கல்லூரியின் கையில் மட்டும் இல்லை என்பதை அது காட்டிற்று.

தமிழ் வகுப்பின் தேவைகள்

இவ்வரலாற்றின் ஒளியில், தமிழ் கற்பிக்கும் கல்லூரித் துறையொன்று கருவியைத் தேரும்முன் வரையறுக்க வேண்டிய தேவைகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது நேரம். டொராண்டோவுக்கும் சென்னைக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும், கோடையில் ஒன்பதரை மணி நேரமும் வேறுபாடு உண்டு, யாழ்ப்பாணத்துக்கும் இக்கணக்கே. குளிர்காலத்தில் டொராண்டோவில் காலை 8 மணிக்குத் தொடங்கும் வகுப்பு சென்னையில் மாலை 6.30, கோடையில் 5.30. கனடியக் கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் மாறும்போது, மறுகரையிலுள்ள ஆசிரியரின் நேரம் பாடத்திட்டத்தின் நடுவே நகர்ந்துவிடுகிறது. இருநாட்டு வகுப்புகளில் 1986இன் எழுத்துவழி முறையை மீட்டெடுப்பதும், ஒரே நேரக் கூட்டத்தைக் குறைத்துக்கொள்வதும் அறிவுடைமை.

இரண்டாவது தரவுச் செலவு. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வரும் காணொலி மணிக்கு ஏறத்தாழ 450 மெகாபைட்டை விழுங்கும். நொடிக்கு 64 கிலோபிட் அளவிலான குரல் மணிக்கு 29 மெகாபைட்டில் அடங்கும். வேறுபாடு பதினைந்து மடங்கு. தமிழ்நாட்டு அரசு 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரவை நான்கு மாதங்களுக்கு இலவசமாக வழங்க முன்வந்தது. மேற்கண்ட கணக்கில் அது நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான காணொலிக்குப் போதும். இலங்கையிலும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு வழியாக மாணவர் கட்டணமின்றி வகுப்பில் சேரும் ஏற்பாடு 2020இல் செய்யப்பெற்றது. குரலும் வெண்பலகையும் போதுமான இடத்தில் முகம் காட்டுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்துவது, இயலாதவரை வகுப்பிலிருந்து வெளியேற்றுவதாகும்.

மூன்றாவது ஒலி. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்தியது. 2012இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' முறை 20,000 ஹெர்ட்ஸ் வரை கடத்த வல்லது. லகர ளகர ழகர வேறுபாட்டைச் செவியால் உணர்த்த வேண்டிய ஆசிரியருக்கு இது பெரும்பேறு. ஆனால் பேச்சைத் தவிர்த்த ஒலியை இரைச்சலெனக் கருதி நீக்கும் ஏற்பாடு, பண்ணோடு பாடுங்கால் பாட்டையும் சுருதியையும் சிதைத்துவிடும். மூல ஒலியை மாற்றாது அனுப்பும் தெரிவு உள்ள கருவியே யாப்பும் இசைத்தமிழும் கற்பிக்க ஏற்றது. கூடிச் சொல்லும் பயிற்சிக்கோ இயற்கையே தடை. டொராண்டோவுக்கும் சென்னைக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், குரல் ஒருவழி செல்லவே 65 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் இன்னும் கூடும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் ஒருகுரலாகச் சொன்னதுபோல் திரையில் சொல்ல இயலாது. ஒருவர் சொல்ல ஒருவர் தொடரும் முறையே இங்குப் பொருந்தும்.

நான்காவது எழுத்து. உரையாடல் பெட்டியிலும் வெண்பலகையிலும் மாணவர் பெயரிலும் தமிழ் உடையாமல் தோன்றுகிறதா என்று முன்னரே சோதிக்க வேண்டும். செவிப்புலன் குறைந்தோருக்கான வசதி ஒன்டாரியோவில் 2005ஆம் ஆண்டு அணுகல்தன்மைச் சட்டத்தின் கீழும் கருதத்தக்கது. பெருந்தொற்றுத் தொடக்கத்தில் தானியங்கு வசனவரிகள் முதன்மையாக ஆங்கிலத்துக்கே அமைந்திருந்தன. தமிழ் வகுப்புக்கு வசனவரி தமிழில் பிழையின்றி வருகிறதா என்பதைச் செவிமடுத்து ஒப்பிட்டுத் தெளிய வேண்டும். வராவிடில் எழுதிய பாடக்குறிப்பை முன்கூட்டியே தருவது ஆசிரியர் கடன்.

ஐந்தாவது உடைமை. ஒன்டாரியோவின் தகவல் சுதந்திர, தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2006 முதல் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. பதிவு எந்நாட்டில் சேமிக்கப்படுகிறது, எவ்வளவு காலம் இருக்கும், யார் அழிக்கலாம், பொதுவடிவில் வெளியே எடுக்க இயலுமா என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். மறைவு தேவைப்படும் வகுப்புக்குச் சிறந்த காப்பு, பதிவே செய்யாமை. கல்லூரியே தன் வழங்கியில் நிறுவிக்கொள்ளும் கட்டற்ற கருவி இவ்வினாக்கள் பலவற்றுக்கு விடையளிக்கும். அதனைப் பேணும் ஆளும் பொருளும் கல்லூரிக்கு இருத்தல் வேண்டும் என்பதும் உடன் எண்ணத்தக்கது.

முடிவுரை

ஒன்டாரியோவில் 1983 முதல் உருவான கருவிகளை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஆய்வு நிறுவனத்தின் பட்டமேற்படிப்பு வகுப்பு, வடபுலச் சிற்றூர் மாணவர், ஸ்கார்பரோவின் பள்ளிகள், கார்ல்டன் பல்கலைக்கழகம் ஆகிய ஒவ்வொன்றிலும் தேவை முன்னே நின்றது; கருவி பின்னே வந்தது. 2020இல் இம்முறை தலைகீழாயிற்று. ஆயினும் அதே நகரின் பல்கலைக்கழக ஆய்வகம் வினா எழுப்பியபோது, உலகப் பெருநிறுவனமும் தன் கருவியைத் திருத்த நேர்ந்தது. கேட்பவர் இருந்தால் கருவி மாறும் என்பதற்கு இது சான்று.

டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கென 2018இல் தொடங்கிய 30 இலட்சம் டாலர் நிதித்திரட்டு, பெருந்தொற்றின் நடுவே 2021இல் இலக்கை எட்டியது. அவ்விருக்கையில் அமர்வோரும், அவர்தம் மாணவரும், தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆய்வாளருடன் திரைவழியே கூடுவது தவிர்க்க முடியாதது. அக்கூட்டங்கள் எக்கருவியில் நிகழ வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்களின் கொள்முதல் பிரிவுகள் மட்டுமே முடிவு செய்யும் நிலை நீடிக்கலாகாது. ஸ்கார்பரோ கல்வி வாரியம் அன்று செய்தது போல, தமிழ்த் துறைகள் ஒன்றுகூடித் தம் தேவைகளைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். எழுத்து, ஒலி, நேரம், செலவு, காப்பு ஆகிய ஐந்தையும் உள்ளடக்கிய அப்பட்டியலை வகுக்க, பல நாட்டுத் தமிழாசிரியர் கூடும் இம்மாநாட்டைவிடப் பொருத்தமான அவை வேறில்லை. எழும்பூர் மணலில் தொடங்கிய முறை கடல்கடந்து யார்க் நகரம் சேர்ந்த காலத்தில், அதனைக் குறித்து நம்மிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கப்படாதிருக்க வேண்டியதில்லை.